புதிய சாரதியும் சுற்றியிருப்போரும்

(சிட்னியின் மேற்குப் பகுதியில், புதிதாக வாகனம் ஓட்டத் தொடங்கிய இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் கூடியிருந்த சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் வீடுகளில் ஒரு பிள்ளை பதினேழு பிராயம் எய்தி, இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் நடத்தும் வாகனப் பரீட்சையில் தேறி, சிவப்பு நிறத்தில் ‘பி’ என்ற எழுத்துப் பொறித்த இரண்டு வெள்ளைத் தகடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேரும் நாள், அந்தக் குடும்பத்துக்கு ஒரு சுபதினம் என்பதில் சந்தேகமில்லை. அந்த மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்தத் தகடுகளோடு கூடவே வருகிற கட்டுப்பாடுகளைப் பற்றி நம்மவர்களிடையே நிலவும் அபிப்பிராயம், அவை ஏதோ இளைஞர்களின்மேல் அரசாங்கம் கொண்ட அவநம்பிக்கையால் பிறந்தவை, காலம் கழியும்வரை எப்படியாவது சமாளித்துக் கடந்துவிட வேண்டியவை என்பதாக இருக்கிறதே, அதை மாற்ற வேண்டும் என்பதே என் நோக்கம்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். இந்தக் கட்டுப்பாடுகள் யாவும் பிள்ளையின் பெயருக்கு எழுதப்பட்டவை. மீறினால் அபராதச் சீட்டும் அந்தப் பெயருக்கே வரும். ஆயினும் அவற்றைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நம்முடைய கையிலேயே இருக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளை தானாக விதியை மீறும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் நண்பனுடைய வற்புறுத்தலாலும், உறவினருடைய உபசாரத்தாலும், தந்தையின் அவசரத்தாலும், தாயின் கவலையாலும் மீறும் சந்தர்ப்பங்கள் அதைவிடக் குறைந்தவை அல்ல. ஆகையால் புதிய சாரதியின் பொறுப்பைப் பற்றிப் பேசும் எவரும் சுற்றியிருப்போரின் பொறுப்பைப் பற்றியும் பேசியே தீர வேண்டும்.

முதலில் சட்டம் வகுத்திருக்கும் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயது நிறைந்தவர், சாலை விதிகளைப் பற்றிய அறிவுப் பரீட்சையில் தேறி, கற்போருக்குரிய ‘எல்’ லைசென்ஸ் பெறலாம். 25 வயதுக்குக் குறைந்தவராயின் அதைக் குறைந்தது 10 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு 120 மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவுப் பயணமாக இருக்க வேண்டும். ஆபத்தை முன்கூட்டியே உணரும் திறனைச் சோதிக்கும் கணினிப் பரீட்சை ஒன்றும், 17 வயது நிறைந்த பின் சாலையில் ஓட்டிக் காட்டும் பரீட்சை ஒன்றும் உண்டு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் சிவப்புப் ‘பி’ கிடைக்கிறது. அதைக் குறைந்தது 12 மாதமும், அதன்பின் பச்சைப் ‘பி’யைக் குறைந்தது 24 மாதமும் குற்றமின்றிக் கடந்தவருக்கே முழு லைசென்ஸ். ஆக, முதன்முதலில் தனியாக வண்டியை எடுத்த நாளிலிருந்து முழு உரிமை பெறும் நாள்வரை மூன்று வருஷம் செல்கிறது.

பரீட்சையில் தேறிய பிறகும் எதற்காக மூன்று வருஷம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, வாகனம் ஓட்டுதல் என்ற காரியத்தில் கை கற்பது ஒன்று, கண் கற்பது வேறொன்று என்பதில் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பவும், பிரேக்கை அழுத்தவும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னால் வந்து நிறுத்தவும் கையும் காலும் சில வாரங்களில் பழகிவிடும். கண்ணுக்கோ அந்தப் பழக்கம் வர வருஷங்கள் ஆகும்.

வென்ட்வொர்த்வில் பகுதியின் ஒரு குடியிருப்புத் தெருவை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம்; இடப்பக்கம் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன; அவற்றுள் உயரமான வேன் ஒன்றின் அடியில், தரைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள அந்த ஒரு சாண் வெளிச்சத்தில், இரண்டு சிறிய செருப்புக் கால்கள் அசைகின்றன. அனுபவம் வாய்ந்த சாரதி அந்தக் கால்களைக் கண்டோம் என்று மனத்தில் சொல்லிக்கொள்வதற்கு முன்னரே அவருடைய பாதம் வேகத்தைக் குறைத்துவிட்டிருக்கும். புதிய சாரதியின் பார்வையோ தன் வண்டியின் முன்மூக்கிலும், வேகமானியின் முள்ளிலும், எதிரே வரும் வண்டிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியிலும் சிறைப்பட்டுக் கிடக்கும். கண் அந்தக் கால்களின்மேல் விழுந்தாலும், அதற்குப் பின் ஒரு குழந்தை சாலைக்கு ஓடி வரக்கூடும் என்ற அனுமானம் பிறப்பதற்கு இன்னும் சில கணங்கள் ஆகும். அந்தச் சில கணங்கள்தான் ஓர் உயிரின் விலை. இதை அசிரத்தை என்று பழிக்க முடியாது. அறிவுக் குறைவு என்றும் சொல்ல முடியாது. பாடப் புத்தகத்தாலும் பரீட்சையாலும் ஈட்ட முடியாத ஒரு பழுத்த பழக்கம் இன்னும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் தந்தை இருந்த நாளெல்லாம் அந்தக் குறையை அவருடைய கண்கள் நிரப்பிக்கொண்டிருந்தன. “மெதுவாகப் போ”, “அந்தப் பஸ்ஸின் பின்னாலிருந்து யாராவது வருவார்கள், பார்” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பரீட்சையில் தேறிய மறுநாள் அந்த இருக்கை காலியாகிவிடுகிறது. எந்தத் தேசத்தை எடுத்துக்கொண்டாலும், புதிய சாரதிகள் மிகுதியாக விபத்துக்குள்ளாவது ‘எல்’ தகட்டோடு ஓட்டும் காலத்தில் அன்று. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். காரணம் நான் சொன்னதே: வேறொருவருடைய கண்கள் விலகிவிட்டன, சொந்தக் கண்கள் இன்னும் முதிரவில்லை.

நம்மவர்களுக்கு இதை விளங்கவைக்க நம் வாழ்க்கையிலேயே ஓர் உவமை இருக்கிறது. இந்த நகரத்தில் நம் பெண்கள் பரதம் பயின்று அரங்கேற்றம் செய்கிறார்கள். அரங்கேற்றம் நிறைவேறிய மறுநாளே அந்தப் பெண்ணை நாட்டிய மேதை என்று எந்தக் குருவும் சொல்வதில்லை. இனிமேல்தான் உன் சாதகம் தொடங்குகிறது என்றே ஆசீர்வதித்து அனுப்புகிறார். வாகனப் பரீட்சையும் அத்தகைய ஓர் அரங்கேற்றமே. ‘பி’ தகட்டின் மூன்று வருஷங்களே சாதகம்.

இந்தக் கருத்து ஒரே நாளில் தோன்றியதன்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்த பாட்ரீஷியா வாலர் என்ற உளவியல் அறிஞர், ஒரே பரீட்சையால் முழு உரிமையையும் கையில் கொடுத்துவிடும் முறை பிழையானது, அபாயம் குறைந்த சூழ்நிலையில் முதலில் ஓட்டவிட்டு, அனுபவம் வளர வளரப் படிப்படியாக உரிமையை விரிக்க வேண்டும் என்று 1970களிலேயே எடுத்துரைத்தார். அந்தக் கொள்கையை முழுமையான சட்டமாக்கி 1987-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தேசம் நம் அண்டையிலுள்ள நியூசிலாந்து. நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு, பச்சை என்ற இரு படிகளைக் கொண்ட இன்றைய முறை 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பின்னர் 2004-ல் மதுவுக்கு முற்றிலும் தடையும், 2007-ல் இரவு நேரப் பிரயாணிகளைப் பற்றிய வரம்பும் சேர்ந்தன. எனவே இவை யாரோ ஓர் அதிகாரியின் மனப்போக்கில் பிறந்த கெடுபிடிகள் அல்ல. இளம் உயிர்களைப் பறிகொடுத்த அனுபவத்திலிருந்து சமூகங்கள் கற்றுக்கொண்ட பாடங்கள்.

இனி அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, அதைக் கெடுக்கக்கூடியவர் யார் என்பதையும் கூடவே கவனிப்போம்.

வேகத்தைப் பற்றிய விதி முதலாவது. சிவப்புப் ‘பி’ உடையவர் எந்தச் சாலையிலும் மணிக்கு 90 கிலோமீட்டரையும், பச்சைப் ‘பி’ உடையவர் 100 கிலோமீட்டரையும் தாண்டலாகாது. பலகையில் அதற்குக் குறைந்த வேகம் குறித்திருந்தால் அதுவே வரம்பு. குடும்பத்தோடு கான்பெராவுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹியூம் நெடுஞ்சாலையில் 110 என்று பலகை அறிவிக்கிறது, மகள் ஓட்டுகிறாள், இடப்பக்க ஒழுங்கையில் 90-லேயே நிதானமாகச் செல்கிறாள். லாரிகள்கூட முந்திக்கொண்டு போகின்றன. பின் இருக்கையிலிருக்கும் தந்தை, “இப்படிப் போனால் எப்போது போய்ச் சேர்வது? கொஞ்சம் அழுத்தித்தான் ஓட்டேன், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்கிறார். அன்புள்ள தந்தைதான், கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 90 கிலோமீட்டர் தூரத்தை 90 வேகத்தில் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். 110 வேகத்தில் கடக்க ஏறக்குறைய 49 நிமிஷம் ஆகும். மிச்சப்படுவது 11 நிமிஷம். அதற்கு ஈடாக நாம் கொடுப்பது என்ன? ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் இருமடிப்படி உயர்வது இயற்கையின் நியதியாதலால், 110-ல் ஓடும் வண்டி மோதினால் அதிலுள்ளோர் தேகத்தின்மேல் இறங்கும் சக்தி, 90-ல் மோதுவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பதினொரு நிமிஷத்துக்கு இந்த விலை கொடுக்கத் துணியும் தந்தை இந்தச் சபையில் ஒருவரும் இருக்கமாட்டார்; கணக்குப் பார்க்காமல் பேசிவிடுகிறோம் என்பதே உண்மை.

மெதுவாகச் செல்வதே மற்றவர்களுக்கு இடைஞ்சல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. 80-க்கு மேல் வேகம் அனுமதிக்கப்பட்ட பல ஒழுங்கைச் சாலைகளில், முந்துவதற்கன்றி வலப்பக்க ஒழுங்கையில் செல்லலாகாது என்ற பொது விதி ஏற்கெனவே இருக்கிறது. இடப்பக்கம் ஒதுங்கி, ஒரே சீராக, முன் வண்டிக்கும் தனக்கும் போதிய இடைவெளி விட்டுச் செல்லும் ‘பி’ சாரதி யாருக்கும் இடைஞ்சல் அல்லர். அவருக்குப் பின்னால் நெருக்கி வந்து, விளக்கை மின்னி, அவரைப் பதறவைக்கும் பெரியவர்களே இடைஞ்சல். சாலையில் சிவப்புப் ‘பி’யைக் காணும்போதெல்லாம், அது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எத்தனை தூரம் விலகி வருவோமோ அத்தனை தூரம் விலகி வருவது நம் கடமை.

இரண்டாவது, தொலைபேசி. ‘எல்’ சாரதிக்கும், சிவப்பு, பச்சை ஆகிய இருவகைப் ‘பி’ சாரதிக்கும், வண்டி ஓட்டும்போது கைப்பேசியை எவ்விதத்திலும் உபயோகிக்க உரிமை இல்லை. கையில் எடுக்காமல் பேசுவதும், அதில் பாட்டு வைப்பதும், வழிகாட்டும் வரைபடத்தைப் பார்ப்பதும்கூடத் தடைதான்; சிவப்பு விளக்கில் நிற்பதும் ஓட்டுவதாகவே கொள்ளப்படும். போக்குவரத்துக்கு வெளியே ஒதுக்கி நிறுத்திய பிறகே பேசலாம். முழு லைசென்ஸ் உடையவருக்குச் சில சலுகைகள் இருக்க, புதியவருக்கு ஏன் இல்லை என்றால், பழகியவருடைய கவனத்தில் மிச்சம் கொஞ்சம் உண்டு. புதியவருக்கு ஓட்டுவதற்கே முழுக் கவனமும் வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, இரண்டு விநாடி திரையைப் பார்ப்பதற்குள் 33 மீட்டர் ஓடிவிடுகிறது. 90-ல் சென்றால் 50 மீட்டர். அத்தனை தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இந்த விதியைக் கெடுப்பவர் யார்? தாய்மார்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகன் இரவு வகுப்பு முடிந்து புறப்பட்டிருப்பான் என்று தெரிந்ததும், “எங்கே வருகிறாய்? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்க அம்மா அழைக்கிறாள். அவன் எடுக்கவில்லை. கவலை மிகுந்து மறுபடியும் அழைக்கிறாள். மூன்றாம் முறையும் அழைக்கிறாள். மூன்று முறை அம்மா அழைத்துவிட்டாள், ஏதோ அவசரமோ என்று அவன் கை நீளுகிறது. அந்தக் கணத்தில் அவன் விதியை மீறினான் என்று சட்டம் சொல்லும். மீறவைத்தது நம்முடைய கவலை. 2019-ன் இறுதியிலிருந்து இந்த மாநிலத்தில் கைப்பேசியைக் கண்டுபிடிக்கும் காமிராக்கள் சாலைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. குற்றம் நிரூபணமானால், சாரதியின் கணக்கில் குற்றத்துக்காகப் பதியப்படும் டிமெரிட் புள்ளிகள் 5. சிவப்புப் ‘பி’ சாரதிக்கு அந்த ஒன்றாலேயே லைசென்ஸ் போய்விடும். அது கிடக்கட்டும். வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்வோம்: புறப்படும் முன் பிள்ளை ஒரு செய்தி அனுப்பட்டும், வந்து சேரும்வரை நாம் அழைப்பதில்லை, நடுவில் அழைப்பு எடுபடாமற்போனால், நன்றாகக் கவனித்து ஓட்டுகிறான் என்று மகிழ்வோம்.

மூன்றாவது, மது. முழு லைசென்ஸ் உடையவருக்கு இரத்தத்தில் 0.05-க்குக் குறைந்திருக்க வேண்டும் என்பது வரம்பு. ‘எல்’, ‘பி’ சாரதிகளுக்கோ பூஜ்யமே வரம்பு. ஒரு துளியும் கூடாது. பக்கத்தில் அமர்ந்து பழக்கும் பெரியவரும் 0.05-க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. விருந்தில் குடித்துவிட்டு, “மகன் ‘எல்’ தகட்டோடு ஓட்டட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்பது சட்டத்துக்கு விரோதம். நம்முடைய கல்யாண விருந்துகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் நடப்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பதினெட்டு வயது ஆகிவிட்டதல்லவா, இனி நீ பெரிய மனிதன் என்று சொல்லி, மாமா ஒருவர் பாசத்தோடு ஒரு கோப்பையை நீட்டுகிறார். பிள்ளை மறுக்கிறான், “ஒன்றுதானே, ஒன்றும் ஆகாது” என்று வற்புறுத்துகிறார். பெரியவர் கையிலிருந்து நீளும் கோப்பையை மறுப்பது நம் வளர்ப்பில் எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோப்பையை நீட்டாதிருப்பதே அவர் காட்டக்கூடிய பாசம். இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன்: இரவு குடித்தது காலையிலும் உடலில் இருக்கும், குளிப்பதாலோ காபி குடிப்பதாலோ அது சீக்கிரம் நீங்காது. மறுநாள் காலை ஓட்ட வேண்டியிருந்தால், அந்தப் பூஜ்யம் முந்திய இரவே தொடங்கிவிடுகிறது.

நான்காவது, இரவில் உடன்வருவோர். 25 வயதுக்குக் குறைந்த சிவப்புப் ‘பி’ சாரதி, இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை, 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு மேல் ஏற்றிச் செல்லலாகாது. இளைஞர்கள் மிகவும் வெறுக்கும் விதி இதுதான். வண்டி நிறையச் சம வயதினர் இருக்கும்போது, சிரிப்பும் பேச்சும் சவாலும் சேர்ந்து சாரதியின் விவேகத்தைக் குலைக்கின்றன. இரவும் களைப்பும் கூடினால் அபாயம் பன்மடங்காகிறது. ஒரு விழா முடிந்து மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மூன்று நண்பர்கள் வண்டியருகே நிற்கிறார்கள். கடைசி ரயில் போய்விடும். “என்னடா, இடம்தான் இருக்கிறதே” என்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை தன்னுடைய பயத்தையோ தயக்கத்தையோ காரணமாகச் சொன்னால் கோழை என்று பெயர் வரும். சட்டத்தைக் காரணமாகச் சொன்னால் எந்தப் பெயரும் வராது. இளைஞர்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். உங்களுக்கு விலங்காகத் தோன்றும் இந்தச் சட்டம், ‘மாட்டேன்’ என்ற சொல்லைச் சிநேகம் கெடாமல் சொல்லுவதற்கு உங்களுக்குக் கொடுக்கப்பட்ட துணை. பதினேழு வயதில் தனித்து நின்று மறுப்பதற்கு அபார மனவலிமை வேண்டும். அந்த வலிமை எல்லோருக்கும் இராது என்பதை உணர்ந்தே, ஒரு மாநிலத்தின் சட்டசபை முழுவதும் உங்கள் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் நண்பர்களை அழைத்துச் செல்லப் பெற்றோர் ஒருவர் எந்த மணிக்கும் எழுந்து வரத் தயாராக இருந்தால், பிள்ளைக்கு அந்தத் துணை இரட்டிப்பாகும்.

ஐந்தாவது, வண்டி. ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் கொண்ட வண்டிகளைப் ‘பி’ சாரதி ஓட்டலாகாது. இது பெரும்பாலான குடும்பங்களைத் தொடாத விதி. தொடக்கூடிய வேறொரு விஷயத்தை நினைவூட்டுகிறேன். நம் வீடுகளில் புது வண்டி தந்தைக்கும், பதினைந்து வருஷப் பழைய சிறிய வண்டி பிள்ளைக்கும் என்பது வழக்கமாகிவிட்டது. கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்பது காரணம். ஆனால் அதிக அபாயத்தில் இருப்பவருக்குக் குறைந்த பாதுகாப்புள்ள வண்டியைக் கொடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? ஆன்காப் என்ற அமைப்பு வண்டிகளை மோதவைத்துச் சோதித்து நட்சத்திரங்களால் தரம் குறிக்கிறது. நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் அந்த நட்சத்திரங்களைப் பாருங்கள். முடியுமானால் வீட்டில் உள்ளவற்றுள் நல்ல வண்டியின் சாவியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இந்த விதிகளுக்கெல்லாம் காவலாக இருப்பது டிமெரிட் புள்ளிக் கணக்கு. முழு லைசென்ஸ் உடையவருக்கு மூன்று வருஷத்தில் 13 புள்ளி வரம்பு; பச்சைப் ‘பி’க்கு 7; சிவப்புப் ‘பி’க்கு 4. சிவப்புப் ‘பி’ சாரதி வேக வரம்பைச் சிறிதளவு தாண்டினாலும் 4 புள்ளி விழுந்து, மூன்று மாதமாவது லைசென்ஸ் நிறுத்தப்படும். இந்த இடத்தில்தான் நம் சமூகத்தில் சிலர் செய்யும் பெரும் பிழை ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மகன் வேகமாக ஓட்டியதற்குச் சீட்டு வருகிறது. வண்டி தந்தையின் பெயரில் இருக்கிறது. “அவனுக்கு லைசென்ஸ் போய்விடும், படிப்புக் கெடும், எனக்குத்தான் புள்ளிகள் நிறைய இருக்கின்றனவே” என்று, தானே ஓட்டியதாக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறார். இது கடுமையான தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தைவிடப் பெரிது, அந்த மேஜைமேல் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம்: தவறு செய்தால் அதன் பலனைப் பிறர்மேல் ஏற்றிவிடலாம், கையொப்பம் என்பது சத்தியத்துக்குரியதன்று, அப்பா இருக்கும்வரை பயமில்லை. மூன்று மாதம் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வந்திருந்தால் அவன் வாழ்நாளெல்லாம் ஜாக்கிரதையாக ஓட்டக் கற்றிருப்பான். அந்த வாய்ப்பைத் தந்தையே பறித்துவிட்டார். ‘எல்’ காலத்தில் ஓட்டிய மணிகளைக் குறிக்கும் பதிவேட்டில் ஓட்டாத மணிகளை ஓட்டியதாக எழுதிக் கையெழுத்துப் போடுவதும் இவ்வகைப்பட்டதே. 120 மணி நேரம் என்பது அரசாங்கத்துக்குச் செலுத்தும் வரி அன்று. மழையிலும், இருளிலும், நெரிசலிலும், நெடுஞ்சாலையிலும் பிள்ளையின் கண்ணைப் பழக்குவதற்கு நமக்குக் கிடைத்த அவகாசம். அதை எழுத்தில் நிரப்பினால் பிள்ளையின் பாதுகாப்பிலிருந்தே திருடுகிறோம்.

சட்டம் விதித்தவற்றுக்கு அப்பால், நல்ல சாரதிக்குரிய கடமைகள் சிலவும் உண்டு. பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும், பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் பள்ளிக்கூடப் பகுதியில் 40-ஐத் தாண்டாதிருப்பதும், சைக்கிளில் செல்வோரைக் கடக்கும்போது 60 வேகம்வரை உள்ள சாலையில் ஒரு மீட்டரும் அதற்கு மேற்பட்ட சாலையில் ஒன்றரை மீட்டரும் இடம் விடுவதும் விதிகள். நடந்து செல்லும் முதியவர் சாலையைக் கடந்து முடிக்கும்வரை வண்டியை உறுமவைக்காமல் காத்திருப்பது பண்பு. விபத்து நேர்ந்தால் நிற்பதும், காயமுற்றவருக்கு உதவுவதும், 000 என்ற எண்ணை அழைப்பதும், உண்மையான விவரத்தைக் கொடுப்பதும் எவ்வளவு அச்சத்திலும் தவறக்கூடாத தர்மம். பயத்தால் ஓடிவிட்டால், சிறு தவறு பெருங்குற்றமாகிவிடும். ஆகவே, “எது நடந்தாலும் அங்கேயே நில், உதவி செய், பிறகு எங்களை அழை, நாங்கள் வருகிறோம், முதலில் கோபித்துக்கொள்ள மாட்டோம்” என்று பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள். வீட்டின் கோபத்துக்கு அஞ்சும் பிள்ளை தவறான முடிவெடுக்கக்கூடும்.

“நாங்கள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இத்தனை கெடுபிடி இல்லாமல்தானே ஓட்டிப் பழகினோம்?” என்று கேட்கும் பெரியவர்களுக்கும் மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தியாவில் இன்றும் ‘எல்’ போர்டுக்கும் முழு லைசென்ஸுக்கும் நடுவே இத்தகைய இடைப்படி கிடையாது. நேற்றுத் தேறியவரும் முப்பது வருஷம் ஓட்டியவரும் சட்டத்தின் முன் சமமான சாரதிகளே. அங்கே ஓட்டிப் பழகிப் பிழைத்திருக்கும் நாம் நம்முடைய அனுபவத்தைச் சொல்கிறோம். பிழைக்காதவர்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்வதில்லை. இந்த மாநிலத்தில் இருக்கைப் பட்டி 1971-ல் கட்டாயமாயிற்று. சாலையில் நிறுத்திச் சுவாசத்தைச் சோதிக்கும் முறை 1982-ல் வந்தது. இன்று பட்டியை மாட்டாமல் வண்டியைக் கிளப்பினால் நமக்கே ஏதோ குறைவதுபோல் இருக்கிறது. சட்டமாக வந்தது பழக்கமாகி, பழக்கமாக வந்தது நல்லொழுக்கமாகிவிட்டது. ‘பி’ தகட்டின் விதிகளும் நம் வீடுகளில் அந்த நிலையை அடைய வேண்டும். அதற்கு வேண்டியது, பெரியவர்கள் தங்களுக்குச் சட்டம் விதிக்காத கட்டுப்பாட்டையும் பிள்ளைக்காக ஏற்றுக்கொள்ளும் மனம்.

ஆகவே பெற்றோர்களே, நான் உங்களிடம் வேண்டுவது இவைதான். பிள்ளை ஓட்டும்போது, 90 என்பதே உங்கள் வேகமாகவும் இருக்கட்டும். பிள்ளை ஓட்டும் வண்டியில் உங்கள் கைப்பேசியும் மௌனமாக இருக்கட்டும். விருந்துக்குப் பின் பிள்ளைதான் ஓட்ட வேண்டும் என்றால், அதைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சீட்டு வந்தால், அது யாருடையதோ அவர் பெயரிலேயே போகட்டும். ‘பி’ கிடைத்த பின்னும் சில மாதம், வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்து இருக்கையில் போய் உட்காருங்கள். குறை சொல்வதற்காக அன்று, இன்னும் ஒரு ஜோடிக் கண்களாக இருப்பதற்காக.

இளைஞர்களே, உங்களிடம் வேண்டுவது ஒன்றே. இந்த மூன்று வருஷமும் உங்களுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையைச் சட்டம் கையில் கொடுத்திருக்கிறது. தகப்பனார் வேகமாகப் போகச் சொன்னாலும், மாமா கோப்பையை நீட்டினாலும், நள்ளிரவில் நண்பர்கள் கூட்டமாக ஏறப் பார்த்தாலும், அந்த உரிமையைப் பணிவோடும் உறுதியோடும் பிரயோகியுங்கள். முழு லைசென்ஸ் கைக்கு வரும் நாளில் சட்டத்தின் துணை விலகிவிடும். அதற்குள் அந்தச் சொல் உங்கள் சொந்தச் சொல்லாகிவிட்டிருந்தால், நீங்கள் தேர்ந்த சாரதி மட்டுமன்று, ஒரு நல்ல பிரஜையும் ஆகிவிட்டீர்கள் என்பதே என் முடிபு.